கிற்றார் ஒலிமாற்றியைத் தானே இயங்கச் செய்தல்

மின்கிற்றார் வாசிப்போன் ஒருவனை மேடையிலே கூர்ந்து நோக்கினால், கையிரண்டும் போதாமற் காலும் துணைபுரிவதைக் காணலாம். அவன் காலடியிற் கிடக்கும் சிறு உலோகப் பெட்டியே ஒலிமாற்றி. கிற்றாரின் ஒலியை அது கரகரப்பாக்கும். அதற்கு எதிரொலி சேர்க்கும். அதனை அலைபோல அசைவிக்கும். இத்தகைய அமைப்புக்கள் சிலவற்றை முன்னரே பெட்டியின் நினைவிற் பதித்து வைக்கலாம். மேலுள்ள ஆளியை ஒருமுறை மிதித்தால் அடுத்த அமைப்பு வரும்.

இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. நான்கு அமைப்புக்களுள் முதலாவதிலிருந்து நான்காவதற்குச் செல்ல மூன்று மிதி வேண்டும். பாடிக்கொண்டே வாசிப்போன் ஒரு மிதியைத் தவறவிட்டால், மெல்லொலி வேண்டிய இடத்திற் பேரிரைச்சல் எழுந்து பாட்டையே கெடுத்துவிடும். ஆதலின் இப்பணியைக் காலிடமிருந்து ஒரு கருவியிடம் ஒப்புவித்தல் நன்று.

இசைக்கருவிகள் தம்முட் செய்தி பரிமாறுதற்கு 1983 ஆம் ஆண்டில் ஒரு நியமம் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் மிடி. தமிழில் அச்சொல் வறுமையைக் குறிப்பினும், இம்மிடியாற் பெறும் பயன் பெரிது. பாட்டின் தாளத்தோடு செல்லும் கணினி, உரிய கணத்தில் இன்ன அமைப்பு வேண்டுமென மிடி வழியே கட்டளையிடும். 128 எண்களுள் ஒன்றைச் சுட்டும் அக்கட்டளை ஒரு மில்லிசெக்கனுக்குட் சென்று சேரும். மிடி வாயில் இல்லாத ஒலிமாற்றிக்கு, அதனைப் பெற்று ஆளியை இயக்கும் நுண்கட்டுப்படுத்தி ஒன்றே வேண்டப்படுவது.

கல்லூரி ஆய்வுகூடத்தில் மின்கலமும் ஆளியும் குமிழும் இணைத்துப் பழகிய எவர்க்கும் மேல்வரும் வேலை விளங்கும். மிதிக்குங்கால் ஆளியின் இரு முனைகளும் ஒன்றோடொன்று தொடுகின்றன, நிகழ்வது அவ்வளவே. அவ்விரு முனைகளுக்கும் குறுக்கே ஒளியிணைப்பி ஒன்றைப் பொருத்துக. அதனுள் ஒருபுறம் ஒளிகாலும் இருவாயியும், மறுபுறம் ஒளியுணர் திரான்சிற்றரும் உள. நுண்கட்டுப்படுத்தியின் 5 உவோற்றால் இருவாயி ஒளிர, திரான்சிற்றர் கடத்தும். பெட்டியோ தன்னை யாரோ மிதித்ததாகவே கொள்ளும். இருவாயியோடு 470 ஓம் தடையைத் தொடராக இணைத்தால் ஏறக்குறைய 8 மில்லியம்பியரே பாயும். இரு சுற்றுக்களையும் தொடர்புறுத்துவது ஒளி மட்டுமே. ஆதலின் ஒன்றன் மின்னிரைச்சல் இவ்வழியே மற்றதனுட் புகாது.

இனி, கருதத்தக்கன மூன்று. முதலாவது, அழுத்தும் நேரம். 50 மில்லிசெக்கன் அளவு பெரும்பாலும் போதும். நெடுநேரம் அழுத்தினாற் சில பெட்டிகள் வேறு தொழிலைத் தொடங்கிவிடும். இரண்டாவது, எண்ணிக்கை. நான்காம் அமைப்பிலிருந்து இரண்டாவதற்குச் செல்ல, முதலாவதைக் கடந்து இரு அழுத்தம் வேண்டும். ஆகவே தான் நிற்கும் இடத்தை நுண்கட்டுப்படுத்தி மறவாதிருத்தல் அவசியம். இடையிலே காலும் மிதித்தாற் கணக்குத் தவறும். அதனையும் எண்ணுமாறு, கால் மிதிக்கும் ஆளியின் கம்பிகளைக் கழற்றி நுண்கட்டுப்படுத்திக்கே கொண்டுசெல்லல் வேண்டும். மூன்றாவது, ஆளியின் வகை. மிதித்த நிலையிலே பூட்டி நிற்பதும் ஒன்பது முனைகள் உடையதுமான ஆளியின் ஊடாக இசைக்குறியே செல்வதால், இம்முறை அதற்குப் பொருந்தாது.

பெட்டியின் உட்சுற்றை வெட்டாமல் இவ்வேலை முடிகின்றது என்பதே இதன் சிறப்பு. பிழைப்பினும் கம்பிகளை எடுத்துப் பழையபடி பொருத்திவிடலாம். விலையுயர்ந்த கருவியைத் திறக்கத் துணிவோர், மீளும் வழியையும் முன்னரே எண்ணிக்கொள்வாராக.