மணங்கு, சேர், கண்டி: வணிக அளவைப் பெயர்களும் மொழிபெயர்ப்பும்

இந்தியில் ‘மன்’, தெலுங்கில் ‘மணுகு’, கன்னடத்தில் ‘மண’, தமிழில் ‘மணங்கு’, ஆங்கிலத்தில் ‘மாண்ட்’ என வழங்கும் நிறுத்தலளவைப் பெயர்கள் ஒரே சொற்குடும்பத்தைச் சார்ந்தவை. இவ்வொலியொற்றுமையை அளவொற்றுமையாகக் கொள்வது பழைய வணிக ஆவணங்களை மொழிபெயர்ப்போர்க்கு நேரக்கூடிய பெரும்பிழையாகும்.

1833ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குவிதி ஒரு தோலாவை 180 கிரெயின் என வரையறுத்தது. 80 தோலா ஒரு சேர். 40 சேர் ஒரு மணங்கு. இது 37.32 கிலோகிராம் ஆகும். சென்னை வணிகத்திலோ 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. இதன் எடை 25 பவுண்டு, அஃதாவது 11.34 கிலோகிராம். பம்பாய் மணங்கு 28 பவுண்டு. எனவே ‘100 மணங்கு மிளகு’ என்னும் தொடர் சென்னைக் கணக்கில் 1,134 கிலோவையும் கல்கத்தாக் கணக்கில் 3,732 கிலோவையும் குறிக்கும். வங்காள அளவைச் சென்னை ஆவணத்தின்மேல் ஏற்றினால் ஏற்றுமதி மும்மடங்கிற்கு மேற்பட்டுவிடும். கிலோவுக்குரிய விலையோ மூன்றிலொரு பங்கினும் குறைந்து தோன்றும். பொருளாதார வரலாற்றாசிரியர் அவ்வெண்ணை நம்பியே முடிவு கூறுவார்.

மொழியியல் நோக்கில் சுவையானது வேறொன்று. சென்னையிலும் 5 சேரும் 8 வீசையும் பெருகி 40 சேரே ஒரு மணங்காகின்றது. ஆக, மணங்குக்கும் சேருக்கும் உள்ள உறவு ஈரிடத்தும் ஒன்றே; வேறுபடுவது சேரின் எடை. வங்காளச் சேர் 80 தோலா. சென்னைச் சேர் ஏறத்தாழ 24 தோலா. சொற்களுக்கிடையேயான உறவு நிலைபெற, அவை சுட்டும் பொருள் மட்டும் இடந்தோறும் மாறியுள்ளது. (கன்னட நாட்டில் சேர் முகத்தலளவையுமாகும் என்பது தனிச்சிக்கல்.) வீசை கடல்கடந்து பர்மிய வணிகம் பற்றிய ஆங்கில எழுத்துகளில் ‘விஸ்’ ஆயிற்று, அங்கு அது 1.63 கிலோ, சென்னையில் 1.42 கிலோ.

கண்டியில் அவ்வுறவும் நிலைக்கவில்லை. பொதுவாக 20 மணங்கு ஒரு கண்டி. பம்பாய்ப் பருத்திச் சந்தையிலோ 28 மணங்கு, அஃதாவது 784 பவுண்டு. ஊரை மட்டுமன்றிச் சரக்கையும் அறிந்தாலன்றி இச்சொல்லை எண்ணாக மாற்றவியலாது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்த பின்னரும் பஞ்சு விலை கண்டிக்கு இவ்வளவு என்றே கூறப்படுகின்றது. நாளிதழ்கள் அடைப்புக்குறிக்குள் தரும் 356 கிலோ என்னும் எண் அந்த 784 பவுண்டே.