28-ல் கடைசி மூணு: நண்பனோட கிளம்புறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

இந்தியாவில் 28 மாநிலம். நீங்க எத்தனை முடிச்சிருக்கீங்கன்னு ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பாருங்க. தென்னிந்தியாவில் அஞ்சு சுலபமா வந்துடும். காலேஜ் டூர்ல கோவா, மகாராஷ்டிரா. கம்பெனி டிரெயினிங்ல ஹரியானா. ரூம்மேட் கல்யாணத்துக்கு பீகார். மணாலி போன வகையில் ஹிமாச்சல். இப்படியே 15, 18 வரைக்கும் பெரிசா செலவு தெரியாமலே ஓடிடும். ஏன்னா அதுல பாதிச் செலவு உங்களோடது இல்லை. காலேஜோ கம்பெனியோ வீட்டுல இருக்கிறவங்களோ கொடுத்தது.

அதுக்கப்புறம் லிஸ்ட் நகராது. பாக்கி இருக்கிறதைப் பார்த்தா பெரும்பாலும் வடகிழக்குதான் இருக்கும். அங்கே கல்யாணமும் இல்லை, டிரெயினிங்கும் இல்லை. ஒவ்வொரு ரூபாயும் உங்க பாக்கெட்ல இருந்து போகணும். முதல் 18 மாநிலத்துக்கு ஆன செலவை வச்சு கடைசி மூணுக்கு பட்ஜெட் போட்டா கண்டிப்பா இடிக்கும்.

(சின்ன விஷயம்: 2014-க்கு முன்னாடி ஹைதராபாத் போனவங்க அன்னிக்கு ஆந்திராவை டிக் பண்ணியிருப்பாங்க. இன்னிக்கு அது தெலங்கானா. ஸ்ரீநகர் போனவங்களுக்கு 2019 அக்டோபர் 31-லிருந்து ஒரு மாநிலம் குறைஞ்சுபோச்சு, அது இப்போ யூனியன் பிரதேசம். எந்தக் கணக்கு செல்லும்னு நண்பனோட முதல்லயே பேசிக்கோங்க. எங்க விதி: ஒரு ராத்திரி தங்கியிருக்கணும். ரயில்ல தூங்கிக்கிட்டே தாண்டினது சேராது.)

எனக்கும் என் காலேஜ் நண்பனுக்கும் பாக்கி இருந்தது நாகாலாந்து, மிசோரம், திரிபுரா. இந்த வருஷம் பிப்ரவரியில் முடிச்சோம். வீடியோவில் ஊர்களைக் காட்டினேன், கணக்கை முழுசா சொல்ல நேரம் பத்தலை. இங்கே சொல்றேன்.

முதல் கேள்வி: சொந்தக் கார்ல போகலாமா? ஆசை எல்லாருக்கும் வரும். சென்னையிலிருந்து குவாஹாட்டிக்கு சாலை வழியா 2,600 கிலோமீட்டருக்கு மேல. போக வர 5,200. லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலும் எரிபொருளுக்கு மட்டும் சுமார் 35,000. இரண்டா பிரிச்சா விமான டிக்கெட் விலைதானேன்னு தோணும். ஆனா டோல், வழியில் தங்குற ரூம், சாப்பாடு எல்லாம் தனி. அதைவிட, போக வர எட்டு நாள் லீவு ரோட்டிலேயே போயிடும். மாசம் 45,000 சம்பளம்னா ஒரு நாள் 1,500. எட்டு நாளுக்கு 12,000. லீவுக்கும் விலை இருக்கு, அதை யாரும் பட்ஜெட்ல எழுதுறதில்லை. குவாஹாட்டிக்கு பறந்து, அங்கே வண்டி எடுக்கிறதுதான் எனக்குச் சரின்னு பட்டது.

அங்கே வண்டி எடுக்கும்போது ஒண்ணைக் கவனிங்க. "தெரிஞ்சவர் கார், கம்மி வாடகை"ன்னு வெள்ளை நம்பர் பிளேட் வண்டியைக் காட்டுவாங்க. சொந்த உபயோகத்துக்குப் போட்ட இன்ஷூரன்ஸ், வாடகைக்கு விட்டா செல்லாது. மலைப்பாதையில் ஏதாவது ஆச்சுன்னா க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். நீங்களே ஓட்டுறதா இருந்தா கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து, டிரைவரோட எடுத்தா மஞ்சள் பிளேட். வேற எதுவும் வேண்டாம். அப்புறம், ஒரு ஊர்ல ஏறி வேற ஊர்ல இறங்கினா, டிரைவர் காலியா திரும்புற காசையும் நீங்கதான் கொடுக்கணும். அதனால ஏறின ஊருக்கே திரும்பி வர்ற மாதிரி ரூட் போட்டா மிச்சம்.

நாகாலாந்துக்கும் மிசோரமுக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேணும், ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். திரிபுராவுக்குத் தேவையில்லை. பெர்மிட்ல தேதி இருக்கும், அதனால ஒன்றிரண்டு நாள் கூடுதலா கேட்டு வாங்குங்க. சாலை அடைபடுறது அங்கே சாதாரணம். 2022 மே மாசம் மண்சரிவில் நியூ ஹாஃப்லாங் ரயில் நிலையமே சேற்றில் மூழ்கி, அந்த ரயில் பாதை சரியாக வாரக்கணக்கில் ஆச்சு. மழைக்காலத்தைத் தவிர்த்து நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள்ள போங்க. அதிலும் டிசம்பர் முதல் பத்து நாள் கோஹிமா பக்கத்தில் கிசாமாவில் ஹார்ன்பில் விழா நடக்கும். விழா பார்க்கணும்னா அது வேற ஆசை, ஆனா ரூம் வாடகை எகிறும்.

இன்னொண்ணு, மிசோரம்ல ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட எல்லாமே மூடியிருக்கும். சனிக்கிழமையே சாப்பாட்டுக்கும் கைக்காசுக்கும் ஏற்பாடு பண்ணிக்கோங்க. யூபிஐ வேலை செய்யும், ஆனா மலையில் சிக்னல் போனா அது வெறும் போன்.

எங்க முதல் பட்ஜெட், ஒரு ஆளுக்கு: விமானம் போக வர 16,000. ஒன்பது நாள் டிரைவரோட கார் 45,000, பாதி 22,500. ரூம்ல என் பங்கு 9,900. சாப்பாடு 6,000. பெர்மிட், நுழைவுக் கட்டணம், ஆட்டோ 2,600. சாலை அடைச்சா செலவழிக்கன்னு தனியா 5,000. மொத்தம் 62,000. இது எங்க தேதிக்கு எங்களுக்குக் கிடைச்ச விலை, உங்களுக்கு மாறும்.

15 மாசம் முன்னாடியே ஆளுக்கு 4,200 ரூபாய் ஆர்.டி. தனித்தனியா ஆரம்பிச்சோம். சேர்ந்து ஒரே கணக்கில் போடலை. நண்பர்கள் சேர்ந்து சேமிக்கிறேன்னு ஒருத்தர் பேர்ல போட்டா, ஒருத்தர் பின்வாங்கும்போது கணக்கு கேட்கிறதே சங்கடம் ஆயிடும். இதே 62,000-ஐ பர்சனல் லோன்ல எடுத்து 15 சதவீத வட்டியில் இரண்டு வருஷம் கட்டினா, வட்டி மட்டும் 10,000 தாண்டும். ஊர் சுத்தி வந்து ரெண்டு வருஷம் அந்த ஊருக்கே இ.எம்.ஐ. கட்டணும். கார்டுல 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'ன்னு வந்தாலும் பிராசஸிங் கட்டணம் இருக்கா, வட்டிமேல ஜி.எஸ்.டி. பிடிப்பாங்களான்னு பார்த்துட்டு அழுத்துங்க.

எல்.டி.ஏ. பத்தியும் கேட்பீங்க. பழைய வரி முறையில் இருந்தா மட்டும்தான் அந்த விலக்கு. நண்பனோட போனாலும் உங்க டிக்கெட்டுக்கு நீங்க க்ளெய்ம் பண்ணலாம், அவன் டிக்கெட்டை உங்க கணக்கில் சேர்க்க முடியாது. பயணக் கட்டணம் மட்டும்தான், ரூமும் சாப்பாடும் வராது. அதுவும் பல ஊர் சுத்தினா, தூரமா இருக்கிற இடத்துக்குக் குறுக்கு வழியில் போற கட்டணம் வரைக்கும்தான். 2022–2025 பிளாக்ல ஒண்ணை விட்டு வச்சிருந்தா, 2026-க்குள்ள பயன்படுத்திக்கலாம். அவ்வளவுதான்.

இப்போ கஷ்டமான இடம். நண்பன்.

கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது அவனுக்கு வேலை போச்சு. ஒரு காலை மீட்டிங், மத்தியானத்துக்குள்ள லேப்டாப்பை ஒப்படைச்சாச்சு. அன்னிக்கு ராத்திரி போன்ல, "மச்சி, நீ தனியா போய்ட்டு வா"ன்னான்.

இந்த மாதிரி நேரத்தில் உங்க வாயில் முதல்ல வர்றது "விடுடா, நான் போட்டுக்கிறேன், வேலை கிடைச்சதும் கொடு"ங்கிறதுதான். நல்ல மனசுல வர்ற வார்த்தை. ஆனா அதைச் சொன்ன நிமிஷத்தில் இருந்து அவன் உங்க கடன்காரன். ஐஸ்வால்ல ஒரு டீ குடிக்கக்கூட அவன் யோசிப்பான். இன்டர்வியூ தள்ளிப்போற ஒவ்வொரு மாசமும் உங்க போனை எடுக்கத் தயங்குவான். பணத்தைவிட இதுதான் பெரிய செலவு.

நாங்க வேற கேள்வி கேட்டுக்கிட்டோம்: கையில் இருக்கிறதுக்கு எவ்வளவு பயணம் முடியும்? அவன் ஆர்.டி.யில் 13 தவணை, 54,600 இருந்தது. அது தவிர அஞ்சு மாச வீட்டுச் செலவுக்கான அவசர நிதி தனியா இருந்தது, அதைத் தொடலை. அது மட்டும் இல்லைன்னா நானே ரத்து பண்ணச் சொல்லியிருப்பேன். மிசோரம் எங்கேயும் போயிடாது.

பட்ஜெட்டை அவன் பர்ஸை வச்சுத் திரும்ப எழுதினோம். காரை நாலு நாளாக் குறைச்சோம்: குவாஹாட்டி, திமாப்பூர், கோஹிமா, திரும்ப குவாஹாட்டி. ஆளுக்கு 10,000. அங்கிருந்து மிசோரமுக்கு ரயில், 2025 செப்டம்பர்ல ஐஸ்வால் பக்கத்தில் சாய்ராங் வரைக்கும் ரயில் வந்ததால இது முடிஞ்சது. ஐஸ்வால்ல இருந்து சில்சாருக்கு ஷேர் சுமோ. கவுன்டர்ல சீட் போட்டு, ஜன்னல் ஓரம் கிடைக்குமான்னு கெஞ்சி, முன்பின் தெரியாதவங்களோட மலை இறங்குற வண்டி. எங்க மூணு மாநிலத்திலும் அந்த ஒரு நாள்தான் நல்ல நாள்னு சொல்வேன். சில்சார்ல இருந்து அகர்தலாவுக்கு மறுபடி ரயில். சுமோவும் இந்த ரயில்களும் சேர்த்து 3,500. ரூமையும் இறக்கினோம், என் பங்கு 6,000. சாப்பாடு அதே 6,000, சில்லறைச் செலவு 2,400. சாலைக்குன்னு வச்ச 5,000-ல மட்டும் கை வைக்கலை.

திரும்பும்போது விமானம் இல்லை, அகர்தலாவிலிருந்து பெங்களூர் போற ஹம்சஃபர் ரயில். கிட்டத்தட்ட மூணு நாள். 8,000 இருந்த இடத்தில் 3,500. எனக்கு இரண்டு நாள் லீவு கூடுதலாப் போச்சு. என் சம்பளத்துக்கு அது 3,600. அதைக் கழிச்சாலும் 900 ரூபாய் மிச்சம்தான், ஆனா அதுக்காகப் போகலை. நான் மட்டும் பறந்து அவனை ரயில்ல அனுப்ப மனசு வரலை. மொத்தம் 44,400.

அவன் ஆர்.டி.யில் மிஞ்சின 10,200-ல இருந்து முதல்ல செஞ்சது ஒரு தனி ஹெல்த் பாலிசி. கம்பெனி இன்ஷூரன்ஸ் பொதுவா வேலையோட கடைசி நாளோட முடிஞ்சிடும், வேலை போன பதட்டத்தில் இது யாருக்கும் ஞாபகம் வராது. புது பாலிசியில் விபத்துக்கு முதல் நாளே பாதுகாப்பு உண்டு, மற்ற நோய்களுக்கு வழக்கமா 30 நாள் காத்திருக்கணும். வேலை போன வாரத்திலேயே எடுத்ததால, கிளம்பும்போது அந்த 30 நாளும் தாண்டியிருந்தது.

வழியில் பணம் பேசுறதே வேண்டாம்னு மூணு விஷயத்தை முன்கூட்டியே எழுதி வச்சோம். ரூம், வண்டி, டிக்கெட் எல்லாம் சரிபாதி, அதுக்கு ஆளுக்கு ஒரே தொகையை என்னோட பழைய சேவிங்ஸ் கணக்கில் போட்டு, அந்த கார்டுல மட்டும் செலவு. சாப்பாடும் ஷாப்பிங்கும் அவங்கவங்க பாடு. அவன் கோஹிமாவில் சால்வை வாங்கலை, நான் வாங்கினேன், யாரும் எதுவும் சொல்லலை. கடைசி நேரத்தில் ஒருத்தர் வராட்டி, ரத்து செய்ய முடியாத செலவில் அவர் பங்கு அவரோடது. இந்த மூணாவதை எழுதும்போது இரண்டு பேருக்குமே கொஞ்சம் கூச்சமா இருந்தது. வாட்ஸ்அப்ல அவனே டைப் பண்ணி அனுப்பிட்டான்.

உனகோட்டியில் பாறையில் செதுக்கின அந்தப் பெரிய சிவன் முகத்துக்கு முன்னாடி நிற்கும்போது அவனுக்கு ஒரு எச்.ஆர். போன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. இரண்டாம் ரவுண்டு அடுத்த புதன்கிழமைன்னு மட்டும் புரிஞ்சுது. அந்த வேலை கிடைக்கலை, அதுக்கடுத்த மாசம் வேற ஒண்ணு கிடைச்சது.

அகர்தலாவில் ரயில் ஏறும்போது பொதுக் கணக்கில் 2,340 ரூபாய் மிச்சம் இருந்தது. பாதியை அனுப்பறேன்னு சொன்னேன். "இருக்கட்டும், யூனியன் பிரதேசம் எட்டு இருக்கே"ன்னான். இன்னும் அங்கேயேதான் கிடக்கு.