சாமியாரின் முதுமைக்கு யார் துணை?

"நான் சாமியாருக்குப் படிக்கப் போகிறேன்" என்று தோட்டத்துப் பையன் ஒருவன் சொன்னால் தாய்க்குப் பெருமைதான். ஆனால் பெருமையோடு மூன்று கவலைகளும் வீட்டுக்குள் நுழைந்துவிடும். படிப்புச் செலவுக்கு எங்கே போவது? சம்பளம் என்று ஏதாவது உண்டா? பெண்டு பிள்ளை இல்லாதவனைத் தள்ளாத வயதில் யார் பார்ப்பார்கள்?

கொழுந்து கிள்ளிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இவை நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாற்றங்கால்

குருமடத்தைச் 'செமினாரி' என்கிறோம் அல்லவா? அந்தச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு நாற்றங்கால் என்று பொருள். கேமரன் மலை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நட்ட தேயிலைக் கன்றில் மறுநாளே கொழுந்து எடுக்க முடியாது. சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குருமாணவனுக்கு அதைவிட நீண்ட காத்திருப்பு. தத்துவ இயல் இரண்டு ஆண்டு, இறையியல் நான்கு ஆண்டு, ஆக ஆறு ஆண்டுப் படிப்பு என்பது திருச்சபைச் சட்டம். அதற்கு முன் ஆயத்தக் காலமும் உண்டு.

நம் நாட்டில் இதற்கென்று ஒரு பழைய நிலையம் இருக்கிறது. 1665-இல் சயாமின் அயுத்தியாவில் பிரெஞ்சு வேதபோதகர்கள் தொடங்கிய பொதுக் குருமடம், பல இடங்களுக்கு மாறி, 1808-இல் பினாங்கு புலாவ் தீக்குசுக்கு வந்தது. இப்போது தஞ்சோங் பூங்காவில் இருக்கிறது.

பணமில்லை என்பதற்காக ஒரு மாணவனைத் திருப்பி அனுப்பலாமா? இதே கேள்வி 1889-இல் ஜப்பானில் எழுந்தது. குருவாக விரும்பிய பிள்ளைகளைச் சேர்க்க வசதியில்லாத நாகசாகி ஆயர் கூசேன், உதவி கேட்டுப் பிரான்சுக்கு எழுதினார். கான் நகரில் இருந்த ஸ்டெபானி பிகார் அம்மையாரும் அவர் மகள் ழானும் பணம் திரட்ட முன்வந்தனர். ஒரு தாயும் மகளும் தொடங்கிய அந்த வேலைதான் புனித பேதுரு சபையாக வளர்ந்தது. 1922-இல் பாப்பரசர் அதைத் தம் நேரடி ஆதரவில் எடுத்துக்கொண்டார். இன்றும் ஏழை நாடுகளின் குருமாணவர்களுக்கு அது உதவுகிறது.

பூசைக் காணிக்கை

குருவானபின் சாமியாருக்குக் கிடைப்பது பெரிய சம்பளமல்ல. வாழ்க்கைக்கு வேண்டிய படிதான். பூசைக் கருத்துக்கு நாம் கொடுக்கும் காணிக்கையும் அவர் பிழைப்புக்கு உதவுகிறது. ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில் பூசை வைத்தாலும், கிறிஸ்துமஸ் நாள் நீங்கலாக, ஒரு பூசையின் காணிக்கையைத்தான் அவர் வைத்துக்கொள்ளலாம். மற்றவை ஆயர் குறிக்கும் காரியத்துக்குப் போகும்.

இன்னொன்றையும் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் காசில்லை என்று ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் தள்ளிப்போட வேண்டாம். வறுமையின் காரணமாக எவருக்கும் தேவதிரவிய அனுமானம் மறுக்கப்படக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. ஏழையின் கருத்துக்குக் காணிக்கையின்றியே பூசை வைக்கும்படி குருக்களை அதே சட்டம் தூண்டுகிறது.

தலை நரைத்தபின்

பங்குச் சாமியார் 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். அவருக்கு இருப்பிடமும் பிழைப்பும் அமைத்துத் தருவது ஆயரின் பொறுப்பு. நோயிலும் முதுமையிலும் குருக்களுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றும், குருக்களைப் பராமரிக்க மறைமாவட்டந்தோறும் நிதி அமைப்பு வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த நிதி மக்கள் கொடுத்தால்தான் நிறையும்.

கர்தினால் சோத்தர் பெர்னாண்டஸை நினைத்துப் பாருங்கள். 1932-இல் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். மருத்துவமனை உதவியாளராக இருந்து குருமடம் புகுந்தவர். 1966-இல் குருவானார். பகாங்கையும் உள்ளடக்கிய கோலாலம்பூருக்கு 1983 முதல் 2003 வரை பேராயர். ஓய்வு பெற்றபின் பினாங்குக் குருமடத்தில் மாணவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். நாற்றங்காலில் வளர்ந்த மரம், முதிர்ந்தபின் நாற்றுகளுக்கே நிழல் தந்தது! 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினாலானார். கடைசிக் காலத்தை, செராசில் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் கழித்து, 2020-இல் மறைந்தார். மனைவி மக்கள் இல்லாத அவருக்குத் திருச்சபையே குடும்பமாயிற்று.

நம் பங்கு

பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, தேவ அழைத்தலுக்காக வேண்டும் நாள். 1964 முதல் உலகெங்கும் நடக்கிறது. அன்று குருமடத்துக்கென்று உண்டியல் வந்தால், ஒரு வெள்ளியானாலும் போடுங்கள். ஆகஸ்டு 4, பங்குக் குருக்களின் பாதுகாவலர் புனித வியான்னியின் திருநாள். அன்று, உங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். ஒரு கடிதம் போடுங்கள். பட்டணம் போகும்போது எட்டிப் பாருங்கள்.

நம் வீட்டுக் கலியாணத்துக்கும் சாவுக்கும் வந்து நின்றவர் அவர். அவர் முதுமைக்கு நாம்தான் பிள்ளைகள்.