ரூபாய் மாற்று விகிதம் கோலார் தங்கவயலின் தலையெழுத்தை மாற்றியது எப்படி?

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெட்டி எடுக்கப்பட்டது. தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து குடியேறிய தொழிலாளர்கள் இதில் பெரும் பங்காற்றினர். எனினும், அந்தத் தங்கத்தின் லாபத்தைப் பாறையின் தரம் மட்டுமே தீர்மானிக்கவில்லை. ரூபாய்க்கும் பிரிட்டன் பவுண்டுக்கும், பின்னர் அமெரிக்க டாலருக்கும் இடையிலான மாற்று விகிதமும் தீர்மானித்தது.

வெள்ளி ரூபாய், தங்க பவுண்டு

19ஆம் நூற்றாண்டில் ரூபாய் வெள்ளி நாணயமாகவும், பவுண்டு தங்கத்தை அடிப்படையாகக் கொண்டதாகவும் இருந்தன. ஆகவே, வெள்ளியின் விலையே மாற்று விகிதத்தை நிர்ணயித்தது. 1870-களின் தொடக்கம் வரை ஒரு ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்றது. அதாவது ஒரு பவுண்டுக்கு 10 ரூபாய். ஜெர்மனி தங்க நாணய முறைக்கு மாறியதும், அமெரிக்காவில் வெள்ளி உற்பத்தி பெருகியதும் வெள்ளி விலையைச் சரித்தன. 1894-95இல் ஒரு ரூபாயின் மதிப்பு சுமார் 13 பென்ஸாகக் குறைந்தது.

1880இல் தொடங்கப்பட்ட மைசூர் கோல்டு மைனிங் நிறுவனத்தை லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வகித்தது. தங்கத்துக்குப் பவுண்டில் வருவாய் கிடைத்தது. தொழிலாளர் கூலி ரூபாயில் வழங்கப்பட்டது. 2 ஷில்லிங் விகிதத்தில் 100 பவுண்டு தங்கம் 1,000 ரூபாய்க்குச் சமம். 13 பென்ஸ் விகிதத்தில் அதுவே சுமார் 1,846 ரூபாய். கூலி உயராத வரை, ரூபாயின் ஒவ்வொரு சரிவும் லண்டன் பங்குதாரர்களுக்குச் சாதகமாகவே அமைந்தது.

18 பென்ஸ் சர்ச்சை

இச்சரிவைத் தடுக்க, 1893 ஜூன் 26 அன்று இந்திய நாணயச் சாலைகளில் தனியார் வெள்ளியை நாணயமாக்குவது நிறுத்தப்பட்டது. 1899இல் ஒரு சவரன் 15 ரூபாய் என்று சட்டமானது. இது ரூபாய்க்கு 16 பென்ஸ் விகிதமாகும். 1920இல் 2 ஷில்லிங் விகிதத்தை நிலைநிறுத்தும் முயற்சி தோல்வியடைந்தது. 1927இல் 18 பென்ஸ் விகிதம் சட்டமானது. ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் ரூபாய் குறையும் என்று கூறி, புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் இதை எதிர்த்தார். அவர் கூறியது கணக்கிலும் தெரிகிறது: 100 பவுண்டுக்கு 1,500 ரூபாய் என்றிருந்தது 1,333 ரூபாயானது.

ஒரே தங்கம், இரு விலைகள்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் வசமாயின. அப்போது சர்வதேச அதிகாரபூர்வ விலை ஒரு அவுன்ஸுக்கு 35 டாலர். ஒரு டாலர் 4.76 ரூபாயாக இருந்தபோது, அந்த விலைப்படி 10 கிராம் தங்கத்தின் மதிப்பு 53.58 ரூபாய். 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, டாலர் 7.50 ரூபாயானது. உடனே அதே 10 கிராம் 84.39 ரூபாயாக மதிப்பிடப்பட்டது. ரிசர்வ் வங்கி தனது தங்கக் கையிருப்பை 1990 அக்டோபர் வரை இந்த விலையிலேயே கணக்கில் வைத்திருந்தது.

மூடலும் புதிய எதிர்பார்ப்பும்

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரு கட்டங்களாக மீண்டும் குறைக்கப்பட்டது. 1993 முதல் சந்தையே விகிதத்தை நிர்ணயித்து வருகிறது. டாலர் 46 ரூபாயைக் கடந்த நிலையிலும், அது கோலாரைக் காப்பாற்றவில்லை. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியிருந்தது. தாதுவின் தரம் குறைந்திருந்தது. உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸுக்கு 300 டாலருக்கும் கீழே இருந்தது. உற்பத்திச் செலவு வருவாயை விஞ்சியதால், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வாழ்வாதாரத்தை இழந்தன.

அங்குள்ள சயனைடு மேடுகளில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. இத்திட்டத்தின் லாபமும் பழைய கணக்கையே சார்ந்துள்ளது: அவுன்ஸின் டாலர் விலையை டாலரின் ரூபாய் மதிப்பால் பெருக்கி, 31.1035ஆல் வகுத்தால் ஒரு கிராமின் அடிப்படை விலை கிடைக்கும். இறக்குமதி வரியும் இதர செலவுகளும் சேர்ந்து நகைக்கடையில் அன்றாடம் அறிவிக்கப்படும் விலைக்கும் இதுவே தொடக்கம்.