வெற்றிக் கோப்பைகள் – 7: பாதியில் நிற்கும் ஏணி

2025 அக்டோபர் 4. மெல்போர்னின் லேக்சைடு மைதானத்தில் ஆஸ்திரேலியக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் நியூகாஸில் ஜெட்ஸ். நாட்டின் உச்ச லீகான ஏ-லீக்கில் ஆடும் முழுநேரத் தொழில்முறை அணி. எதிரே ஹைடல்பர்க் யுனைடெட். கிரேக்க நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் 1958-ல் தொடங்கிய கிளப் அது. ஆடுவது விக்டோரியா மாநில லீகில். அரையிறுதியில் ஆக்லாந்து அணியை வெளியே அனுப்பிவிட்டு இறுதிக்கு வந்திருந்தது. 90 நிமிடம் முடிந்தபோது ஆட்டம் 1-1. கூடுதல் நேரத்தில்தான் நியூகாஸில் மூச்சு விட்டது. 3-1.

தோற்ற அணியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன். அந்த அணி அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது நமக்கு, குறிப்பாகத் தர்மபுரி மாதிரியான மாவட்டத்தில் உட்கார்ந்து கால்பந்து பார்க்கிற நமக்கு, மிகவும் தேவையான செய்தி.

ஆஸ்திரேலியக் கோப்பை பழம்பெருமை வாய்ந்ததெல்லாம் கிடையாது. 2014-ல்தான் தொடங்கியது. முதல் இறுதியில் அடிலெய்டு யுனைடெட் 1-0 என்று பெர்த் குளோரியை வென்றது. அப்போது அதன் பெயர் எஃப்.எஃப்.ஏ. கோப்பை, 2022-லிருந்துதான் இந்தப் பெயர். ஆனால் தொடங்கும்போதே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். கதவைக் கீழே வைத்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாநிலத்திலும் முதற்கட்டச் சுற்றுகள் ஆரம்பமாகும். பேட்டை அணி, புறநகர் அணி, வார இறுதியில் மட்டும் ஆடுகிற அணி என 700-க்கும் மேற்பட்ட கிளப்புகள் பெயர் கொடுக்கும். தோற்றால் வீடு, ஜெயித்தால் அடுத்த சுற்று. இப்படிச் சலித்துச் சலித்து மேலே வருகிற அணிகளும் ஏ-லீக் அணிகளும் சேர்ந்து 32 அணிகளாகக் கடைசிக் கட்டத்தில் நிற்கும்.

அங்கே இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. குலுக்கலில் மாநில லீக் அணியும் ஏ-லீக் அணியும் எதிரெதிரே விழுந்தால், ஆட்டம் சின்ன அணியின் மைதானத்தில் நடக்கும். பெரிய அணிதான் பேருந்தேறி, விமானமேறி வரவேண்டும். வார நடுவில் ஒரு ராத்திரி. தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த ஆட்டக்காரன், ஊர்ப் பையன்கள் பயிற்சி எடுக்கிற அதே புல்தரையில் இறங்குவான். இந்த ஒரு விதிக்காகவே அந்தக் கோப்பையை வகுத்தவர்களைக் கும்பிடலாம்.

பலன் வராமலும் இல்லை. 2022 அரையிறுதியின் நான்கு அணிகளில் இரண்டு மாநில லீக் அணிகள்: ஓக்லி கேனன்ஸ், சிட்னி யுனைடெட் 58. ஓக்லி அரையிறுதியோடு நின்றது. குரோஷியக் குடியேறிகள் வளர்த்த சிட்னி யுனைடெட், ஏ-லீக்கின் பிரிஸ்பேன் ரோரை 3-2 என்று வீழ்த்தி இறுதிக்குப் போனது. மாநில லீகிலிருந்து இறுதிவரை போன முதல் அணி அதுதான். அங்கே மக்கார்த்தர் அணியிடம் 2-0 என்று தோற்றது. ஹைடல்பர்க் இரண்டாவது. கோப்பையை வெல்லும் முதல் சின்ன அணி இன்னும் வரவில்லை. ஆனால் இரண்டு முறை கைக்கெட்டும் தூரம் வந்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நாக் அவுட் என்றால் என்ன என்று தர்மபுரிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்து அணியில் இடம் பிடித்த ஒவ்வொருவரும் குறுவட்டப் போட்டியில் அதை அனுபவித்தவர்கள்தான். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் காட்சி ஒன்றுதான். காலையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருப்பார்கள். கோல் கம்பம் இருக்கும், வலை பெரும்பாலும் இருக்காது. அதனால் பந்து உள்ளே போனதா, கம்பத்தை ஒட்டி வெளியே போனதா என்று ஒரு சண்டை கட்டாயம் உண்டு. பள்ளிப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்குவார்கள்.

11 பள்ளிகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும் வரிசையில் 11-க்கு அடுத்து வருவது 16. பதினாறில் பதினொன்று போக மிச்சம் ஐந்து. அந்த ஐந்து பள்ளிகளுக்கு முதல் சுற்றில் ஆட்டமில்லை, 'பை'. மற்ற ஆறு பள்ளிகள் மூன்று ஆட்டம் ஆடும். ஜெயித்த மூன்றும் பை வாங்கிய ஐந்தும் சேர்ந்தால் எட்டு. அதற்கப்புறம் கணக்கு நேர்கோட்டில் போய்விடும்: நான்கு, இரண்டு, ஒன்று. எத்தனை அணி வந்தாலும் மொத்த ஆட்டம் அதில் ஒன்று குறைவு. 11 அணி என்றால் 10 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்பும், கடைசியில் மிஞ்சுவது ஒன்று.

இந்தக் கணக்கெல்லாம் பையன்களுக்குத் தலைகீழ்ப் பாடம். சீட்டைப் பிரித்ததும், "சார், நமக்கு பை விழுந்துருச்சு சார்!" என்று பி.இ.டி. சாரிடம் ஓடி வருவான் கேப்டன். அவரோ, "சந்தோஷப்படாதடா. அவனுங்க ஒரு மேட்ச் ஆடி சூடாகி வருவானுங்க, நீங்க குளுந்துபோய் நிப்பீங்க. போய் வார்ம்-அப் பண்ணுங்க" என்பார். அவர் சொல்வது உண்மை. பை கிடைத்த அணி முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வுவதைக் குறுவட்டத்தில் அடிக்கடி பார்க்கலாம்.

குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டப் போட்டி. அதிலும் ஜெயித்தால் மாநிலப் போட்டி. படிப்பு முடித்தவர்களுக்கும் சேர்த்து முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள் என்று பிரித்து நடத்துகிறார்கள். கால்பந்தும் அதில் உண்டு. மாவட்டத்தில் தொடங்கி மாநிலத்தில் முடிகிறது. அதாவது கீழ்ப்பாதி ஏணி நம்மிடம் தயாராகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெனக்கெட்டுக் கட்டிய அந்த முதற்கட்டச் சுற்றுகளை, வேறு பெயரில், நாம் ஆண்டுதோறும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

மேல்பாதி ஏணியும் இருக்கிறது. 1888-ல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பையைப் பற்றி இத்தொடரில் முன்பே பார்த்தோம். ஆசியாவிலேயே பழைய கால்பந்துக் கோப்பை. 1977-ல் ஃபெடரேஷன் கோப்பை வந்தது. அதை 2017-ல் முடித்துக்கொண்டு, 2018-லிருந்து சூப்பர் கோப்பை. சூப்பர் கோப்பையை வெல்லும் அணிக்கு ஆசியக் கிளப் போட்டிக்கான வழியும் திறக்கிறது.

இரண்டு பாதிக்கும் நடுவில் படியே இல்லை. மாநிலச் சாம்பியன் ஆன அணி, கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். சூப்பர் கோப்பைக்குள் நம் உச்ச லீகான ஐ.எஸ்.எல். அணிகளும் அதற்கு அடுத்த நிலையான ஐ-லீக்கின் சில அணிகளும் வரலாம். டூரண்ட் கோப்பைக்கு அழைப்பு வரவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இன்று அந்த வட்டத்தில் இருப்பது சென்னையின் எஃப்.சி. ஒன்று மட்டுமே.

'வழி திறந்தாலும் நம் பையன்களால் முடியுமா' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர், 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. பெரிய கிளப் கிடையாது. ராணுவப் பயிற்சி மையம். அந்த அணியில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். படையில் சேர்ந்த புதிதில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவரை, அங்கேதான் கோல் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். ஆறடியைத் தாண்டிய அந்த உயரமும் நீண்ட கைகளும் அதற்குப் பின் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போயின. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தன. ஒரு மலையூர் அணி நாக் அவுட் கோப்பையில் ஆட இடம் கிடைத்ததால் நாட்டுக்குக் கிடைத்த கோல் கீப்பர் அவர்.

1977-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எர்ணாகுளத்தில் முதல் ஃபெடரேஷன் கோப்பை. கொல்கத்தாவின் மோகன் பகானை 1-0 என்று இறுதியில் வென்றது யார் தெரியுமா? பெங்களூரு ஐ.டி.ஐ. தொலைபேசி செய்கிற பொதுத்துறைத் தொழிற்சாலையின் அணி. அதே ஆண்டு பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸோடு ஈடன் கார்டனில் 2-2 என்று சமன் செய்த மோகன் பகானைத்தான் அவர்கள் தோற்கடித்தார்கள். தர்மபுரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 130 கிலோமீட்டர், சென்னை 300. வேலைக்கு, வைத்தியத்துக்கு, காய்கறி ஏற்றுவதற்கு என்று நம் மாவட்டம் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், ஷிப்ட் முடித்து ஆடியவர்கள் நாட்டின் கோப்பையைத் தூக்கியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1978-ல், அந்தக் கோப்பை கோயம்புத்தூருக்கே வந்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இறுதியில் கோலே போடாமல் மல்லுக்கட்டி, கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. தேசிய நாக் அவுட் கோப்பை ஊர் ஊராகச் சுற்றிய காலம் அது. இப்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு நகரத்தில் எல்லா அணிகளையும் கூட்டி வைத்து, சில வாரங்களில் நடத்தி முடித்துவிடுகிறார்கள். செலவு குறைகிறது, புரிகிறது. ஆனால் கோப்பை எந்த ஊர் வாசலுக்கும் போவதில்லை.

கிட்டத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 2019 சூப்பர் கோப்பை, புவனேஸ்வர். அரையிறுதியின் நான்கு இடங்களில் இரண்டில் தமிழ்நாட்டு அணிகள். ஒன்று சென்னையின் எஃப்.சி.; மற்றொன்று கோவை நேரு விளையாட்டரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்டு அந்த ஆண்டு ஐ-லீக்கை வென்றிருந்த சென்னை சிட்டி. ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டி, காலிறுதியில் ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று வீழ்த்தியது. அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிறகு கோவா வந்து இருவரையும் முடித்தது: அரையிறுதியில் சென்னை சிட்டியை 3-0, இறுதியில் சென்னையினை 2-1. ஆனாலும் எவ்வளவு பெரிய விஷயம்! அந்தச் சென்னை சிட்டி இன்று தேசியப் போட்டி எதிலும் இல்லை. மேலே ஏறிய அணி விழுந்தால் மறுபடி கால் வைக்கக் கீழே ஒரு படி வேண்டும். திறந்த கோப்பை ஒன்று இருந்திருந்தால், கோவையிலிருந்து இன்னொரு அணி அடுத்த ஆண்டே கிளம்பியிருக்கும்.

வங்கத்தில் 2022-ல் தொடங்கிய டைமண்ட் ஹார்பர் அணி, 2025 டூரண்ட் கோப்பையில் முதன்முறையாக ஆடியது. அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலை வென்று இறுதிக்குப் போனது. இறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டிடம் 6-1 என்று பலமாக அடி வாங்கியது வேறு விஷயம். இடம் கொடுத்தால் சின்ன அணி என்ன செய்யும் என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டாம். பிரான்சில் 2000-ல் கலே என்ற துறைமுக ஊரின் அமெச்சூர் அணி நாட்டுக் கோப்பையின் இறுதிவரை போய் நான்ட் அணியிடம் 2-1 என்றுதான் தோற்றது. அங்கும் எல்லா ஊர் அணிக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

இந்தியா பெரிய நாடு, இத்தனை அணிகளை எப்படி ஓட்டுவது என்பார்கள். ஆஸ்திரேலியா நம் நாட்டைவிடப் பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல். அவர்கள் செய்த உபாயம் எளிது: கடைசிக் கட்டம்வரை யாரும் மாநிலத்தைத் தாண்ட வேண்டாம். நாமும் அதையே செய்யலாம். தமிழ்நாடு கால்பந்துச் சங்கம் 38 மாவட்டங்களின் சாம்பியன் கிளப்புகளை வைத்து ஒரு மாநிலக் கோப்பை நடத்தட்டும். குறுவட்டக் கணக்குப்படி 38 அணிக்கு 37 ஆட்டம், அவ்வளவுதான். பாதிக்கு மேல் அக்கம்பக்கத்து மாவட்டத்திலேயே முடிந்துவிடும்: தர்மபுரிக்குக் கிருஷ்ணகிரி, சேலத்துக்கு நாமக்கல். வெல்லும் ஓர் அணிக்கு சூப்பர் கோப்பையின் தகுதிச் சுற்றில் ஓர் இடத்தை இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒதுக்கட்டும். எல்லா மாநிலத்துக்கும் இதே முறை. ஒரே ஓர் இடம். அதற்குமேல் இப்போதைக்குக் கேட்கவில்லை.

அந்த இடத்தோடு ஆஸ்திரேலியக்காரர்களின் மைதான விதியையும் எழுதிச் சேர்த்துவிட வேண்டும். சின்ன அணியின் ஊரில்தான் ஆட்டம். தர்மபுரி அணிக்கும் சென்னையினுக்கும் சீட்டு விழுந்தால், சென்னையின் பேருந்து தர்மபுரிக்கு வரட்டும். மாவட்ட விளையாட்டரங்கில் அன்றைக்காவது கோல் கம்பத்தில் வலை கட்டுவார்கள். காரிமங்கலத்திலிருந்தும் நல்லம்பள்ளியிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவர ஆசிரியர்கள் பேருந்து பிடிப்பார்கள். விளக்குக் கம்பம் போதாது என்றால் மாலை நான்கு மணிக்கே ஆடலாம். வெயில் அப்போது சற்றே இறங்கியிருக்கும்.

ஃபெடரேஷன் கோப்பை ஊர் ஊராகச் சுற்றிய அந்தக் காலத்தை, 1977 எர்ணாகுளத்திலிருந்து தொடங்கி, அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)