மாயாவின் உறை: மறைக்கும் பட்டைகள்

இசைத்தட்டு உறையைப் பாட்டுக்குப் போட்ட காகிதச் சட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. அறுபதுகளுக்குப் பிறகு ராக் இசையில் அதுவும் ஒரு பிரதி. 1967இல் வெல்வெட் அண்டர்கிரவுண்டுக்கு ஆண்டி வார்ஹோல் போட்ட வாழைப்பழத்தை, முதலில் வந்த பிரதிகளில் உரித்தே பார்க்கலாம். 1968இல் பீட்டில்ஸுக்கு ரிச்சர்ட் ஹாமில்டன் வெறும் வெள்ளையைக் கொடுத்தார். 1973இல் பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' முன்னட்டையில் குழுவின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஒரு முப்பட்டகம், அவ்வளவுதான். நம்ம சினிமா ரிக்கார்டிலும் கேசட்டிலும் பெரும்பாலும் நடிகர் முகமே சரக்கு. முகத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அந்த உறைகள் கேட்டன.

இந்தக் கேள்வியைத் தமிழ் அனுபவத்துக்குள் இழுத்து வந்தவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பியவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளி மாணவி. முதல் ஆல்பம் 'அருளர்' (2005) தந்தையின் இயக்கப் பெயர். 'கலா' (2007) தாயின் பெயர். 'மாயா' (2010) தன் பெயர். இவர் ராக்கா என்று கேட்கலாம். 'மாயா'வில் உள்ள 'பார்ன் ஃப்ரீ' பாட்டு, சூசைட் என்ற அமெரிக்க இரட்டையரின் 'கோஸ்ட் ரைடர்' மேல்தான் ஓடுகிறது. பங்க் வம்சம்தான்.

உறைக்கு வருவோம். தலைப்பின் எழுத்துகள் சாய்கோடுகளாக உடைந்திருக்கின்றன. பாடகியின் முகம் கிட்டத்தட்ட முழுதும் யூட்யூப் இயக்கப் பட்டைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எவ்வளவு பார்த்தாயிற்று, இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்டும் பட்டைகள் அவை. வழக்கமாகப் படத்துக்குக் கீழே அடக்கமாகக் கிடக்கும். இங்கே படத்தையே தின்றுவிட்டன.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஆகஸ்டில் கைதிகளைச் சுட்டுக்கொல்லும் காட்சியைச் சேனல் 4 ஒளிபரப்பியது. அந்தப் படுகொலையைத் தூரத்திலிருந்த நம்மில் பலர் கண்டது பட்டை போட்ட சின்னச் சன்னலில்தான். 2010 ஏப்ரலில் வந்த 'பார்ன் ஃப்ரீ' காணொளி, செம்முடி இளைஞர்களைப் பிடித்துக் கொல்வதாகக் காட்டி, யூட்யூபில் தடைக்கும் வயதுக் கட்டுப்பாட்டுக்கும் ஆளானது.

துயரத்தைச் சந்தைப்படுத்துகிறார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது; ஆல்பத்தை விற்றவை பெரிய நிறுவனங்கள். தொடக்ககாலத்தில் புலியையும் டாங்கியையும் ஸ்டென்சில் அச்சாக அடுக்கியபோது, போர்க்குறி அலங்காரமாகும் ஆபத்து இருந்தது. 'மாயா'வின் உறை அந்த வழியில் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது. இதில் பிணம் இல்லை, துப்பாக்கி இல்லை. காட்டப்படுவது நம் பார்வையின் கருவி. பார்த்தோம் என்பதையே சாட்சியமாக எண்ணிக்கொண்ட நம் திருப்தியை உறை கலைக்கிறது.

அனுமந்தையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே ஈழத்தமிழர் முகாம். உறவுகளை வன்னியில் விட்டுவந்த ஒருவர் அதே காணொளியை நம்மைப் போலப் பார்க்க முடியுமா? நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடவேண்டியிருக்கும். அவருக்குப் பட்டை ஒரு தேடுகருவி. நமக்கு, அலுத்தால் தள்ளிவிட்டுப் போக ஒரு வசதி. ஒரே குறி இரண்டு வாசிப்பு தருவது பார்ப்பவர் நிற்கும் இடத்தால்.

எம்.ஐ.ஏ. என்பதற்குப் போர்க்களத்தில் காணாமல் போனவர் என்று பொருள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வடக்கில் 2017இலிருந்து தெருவோரம் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், பிள்ளைகளின் புகைப்படங்களோடு. அவர்கள் முகத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். உறை முகத்தை மறைத்துக் கேட்கிறது. அந்தப் புகைப்படத்தின் இடத்தை உறை பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. அதை நாம் ஏன் பட்டைக்குப் பின்னாலேயே பார்த்து முடித்துக்கொண்டோம் என்று கேட்பதோடு அதன் வேலை முடிகிறது. பதில் நம்மிடம்.