'ரெஃபியூஜி' என்னும் சொல் வந்த வழி

விண்ணப்பப் படிவங்களிலும் விசாரணைத் தாள்களிலும் நாம் ஓயாது காணும் 'ரெஃபியூஜி' என்ற ஆங்கிலச் சொல், ஆங்கிலேயர் மண்ணிற் பிறந்ததன்று. அதுவும் கடல் கடந்து வந்து குடியேறியதே.

1598இல் நாந்த் நகரிற் பிறப்பிக்கப்பட்ட அரசாணையொன்று, பிரான்சின் புரட்டஸ்தாந்து மக்களுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்தது. 1685 ஒக்டோபரில் மன்னன் பதினான்காம் லூயி அதனை இரத்துச் செய்தான். போதகர்கள் பதினைந்து நாட்களுள் நாட்டைவிட்டு நீங்கவேண்டும். ஏனையோரோ நீங்கவே கூடாது! தப்பியோடுகையிற் பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களிற் பிணைக்கப்பட்டனர். இருந்தும் ஏறத்தாழ 50,000 பேர் இங்கிலாந்தை அடைந்தனர். ஹியூகனோ எனப்பட்ட இம்மக்களைச் சுட்டவே பிரெஞ்சு மொழியின் 'ரெஃப்யூஜியே' ஆங்கிலத்துள் நுழைந்தது. இலண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் அவர்கள் பட்டு நெய்து பிழைத்தனர். 1743இல் அவர்கள் எழுப்பிய தேவாலயம், 1898இல் யூதரின் செபக்கூடமாகி, 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. பிறிக் லேன் வழியே செல்லும் நம்மவர் அக்கட்டடத்தை இன்றும் காணலாம்.

சொல்லின் வேர், 'ஓடுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினை. சட்டத்துக்குத் தப்பியோடுபவனைக் குறிக்கும் 'ஃபியூஜிட்டிவ்' என்பதும் அவ்வேரிலிருந்தே முளைத்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! எனினும் 'ரெஃபியூஜி'யினுள் ஒதுங்குமிடம் என்ற பொருள் பொதிந்துள்ளது. நமது 'அகதி'யோ கதியற்றவர், போக்கிடமில்லாதவர் எனப் பொருள் தருவது.

1914இல் ஜெர்மன் படையெடுப்புக்கு அஞ்சிப் பெல்ஜிய மக்கள் பிரித்தானியாவுக்கு ஓடிவந்தபோது, போரினால் வீடிழந்தோரையும் இச்சொல் பரவலாகக் குறிக்கலாயிற்று. பேச்சுவழக்கில் அப்பொருளே நிலைத்துவிட்டது. சட்டம் அவ்வளவு தாராளமானதன்று. 1951இல் ஜெனீவாவில் நிறைவேறிய உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், குறித்தவொரு சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியற் கருத்து என்னும் ஐந்தினுள் ஒன்றன்பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த ஆதாரமுள்ள அச்சத்தைக் கேட்கிறது. போர் அவ்வைந்தினுள் இல்லை, பசியும் இல்லை. குண்டுவீச்சுக்குத் தப்பி வந்தவரை அயலவர் தயக்கமின்றி 'ரெஃபியூஜி' என்பர், அதிகாரியோ தயங்குவார். இதனை அறியாத நம்மவர் "ஊரிலே சண்டை" என்பதோடு வாக்குமூலத்தை முடித்துக்கொள்வதுண்டு. தம்மைத் தேடியவர் யார், எக்காரணம்பற்றித் தேடினர் என்பதே அங்கு கேட்கப்படும் வினா.